காட்மியம் சல்ஃபைடு: ஒரே வினையில் மூன்று நிறங்கள் ஏன்? கரையாதது என்றால் தீங்கற்றதா?

வினா: செய்முறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இளநிலை வேதியியல் மாணவர்களுக்கு, ஒரு உப்பில் என்னென்ன அயனிகள் உள்ளன என்று கண்டறியும் பண்பறி பகுப்பாய்வுச் செய்முறை வகுப்பை நான் நடத்தி வருகிறேன். அண்மையில் காட்மியம் உப்புக் கரைசலிலிருந்து காட்மியம் சல்ஃபைடை வீழ்படிவாக்கிக் காட்டும் பயிற்சியை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தேன். ஒரே புட்டியிலிருந்து எடுத்த காட்மியம் குளோரைடைத்தான் மூவரும் பயன்படுத்தினார்கள். இருந்தும் முதற்குழுவுக்கு எலுமிச்சை மஞ்சளும், இரண்டாவது குழுவுக்குச் செம்மஞ்சளும், மூன்றாவது குழுவுக்குப் பழுப்பு கலந்த மஞ்சளும் கிடைத்தன. பாடநூல் "மஞ்சள் வீழ்படிவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. எது சரியான நிறம் என்று மாணவர்கள் கேட்டபோது என்னால் நிறைவான விடை தர இயலவில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் இருப்பு அறையில், சன்னலை ஒட்டிய அலமாரியில், காட்மியம் சல்ஃபைடு நிரம்பிய பழைய கண்ணாடிப் புட்டி ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதன் பாதுகாப்புத் தகவல் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை இருப்பதால் அதை அப்புறப்படுத்தலாம் என்றேன். உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவரோ, அதன் கரைதிறன் பெருக்கம் (நிறைவுற்ற கரைசலில் இரு அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண்) 10⁻²⁸ அளவில்தான் இருக்கிறது, கரையாத பொருள் உடலுக்குள் போனாலும் அப்படியே வெளியேறிவிடும், நச்சு என்பது கரையும் காட்மியம் உப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று வாதிட்டார். அவர் சொல்வதில் தருக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. நிறத்தைப் பற்றியும் இந்த வாதத்தைப் பற்றியும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பகுப்பாய்வு ஆய்வகத்திலிருந்து

வணக்கம் அம்மா. முதலில் நிறத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மூன்று குழுக்களும் பெற்றவற்றில் முதல் இரண்டும் காட்மியம் சல்ஃபைடின் இயல்பான நிறங்களே. மூன்றாவதில் வேறொரு உலோகம் கலந்திருக்கிறது என்று ஐயப்படுகிறேன்.

குளிர்ந்த, அமிலம் குறைந்த கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்தும்போது வீழ்படிவு வெளிர் மஞ்சளாக வரும். கரைசல் சூடாகவும் அமிலம் கூடுதலாகவும் இருந்தால் துகள்கள் பெரிதாக வளர்ந்து செம்மஞ்சள் பக்கம் சாயும். அமிலம் கூடும்போது சல்ஃபைடு அயனியின் செறிவு குறைகிறது, அதனால் வீழ்படிவு உருவாவது மெதுவாகிறது, மெதுவாக உருவாகும் படிகம் பெரிதாகிறது என்பதே இதன் காரணம். வகுப்பில் இரண்டு குழுக்கள் அமிலத்தைச் சொட்டுக் கணக்கில் வேறுபடுத்திச் சேர்த்திருந்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும். கூடவே, குளோரைடு கரைசலிலிருந்து வீழும் காட்மியம் சல்ஃபைடு எப்போதும் சிறிதளவு குளோரைடையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். இதனால்தான் எடையறி பகுப்பாய்வில் காட்மியத்தைச் சல்ஃபைடாக எடை பார்க்காமல், அதைச் சல்ஃபேட்டாக மாற்றி எடை பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. கண்ணுக்குத் தூய்மையாகத் தெரியும் அந்த மஞ்சள் பொருள் நுணுக்கமாகப் பார்த்தால் தூய்மையானது அன்று.

பண்பறி பகுப்பாய்வின் இரண்டாவது தொகுதிக்கு, அதாவது அமிலக் கரைசலில் சல்ஃபைடாக வீழும் உலோகங்களுக்கு, வழக்கமாகச் சொல்லப்படும் 0.3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்ற அளவை மாணவர்கள் சடங்காகக் கருதிவிடக் கூடாது. அந்த அமிலத்தன்மையில், ஹைட்ரஜன் சல்ஃபைடால் நிறைவுற்ற கரைசலில் மிஞ்சி நிற்கும் காட்மியம் ஏறத்தாழ 10⁻⁶ மோலாருக்கும் குறைவு. ஆகவே வீழ்படிவாதல் முழுமையானது என்று கொள்ளலாம். அமிலத்தை 2 அல்லது 3 மோலாருக்கு உயர்த்தினால் காட்மியம் பெருமளவு கரைசலிலேயே தங்கிவிடும். ஹைட்ரஜன் அயனி கூடியது ஒரு காரணம். குளோரைடு அயனிகள் காட்மியத்தைச் சூழ்ந்து அணைவு அயனியாகக் கட்டிப்போட்டுவிடுவது அதைவிட வலுவான காரணம். "காட்மியம் இல்லை" என்று விடை எழுதும் மாணவர்களில் பலர் அமிலத்தைத் தாராளமாக ஊற்றியவர்களாகவே இருப்பார்கள்.

மூன்றாவது குழுவின் பழுப்பு நிறத்துக்குச் செம்பு, ஈயம், பிஸ்மத் ஆகியவற்றில் ஒன்றின் மிகச் சிறு அளவே போதும், ஏனெனில் அவற்றின் சல்ஃபைடுகள் கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தவை. கழுவப்படாத சோதனைக்குழாயை முதலில் பாருங்கள். செம்புதானா என்பதை அறிய, வீழ்படிவை நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்துடன் கொதிக்க வைத்தால் காட்மியம் சல்ஃபைடு கரையும், செம்புச் சல்ஃபைடு கரையாமல் நிற்கும். பழைய நூல்கள் இதற்குப் பொட்டாசியம் சயனைடு முறையைப் பரிந்துரைக்கும். செம்பு சயனைடோடு மிக உறுதியான அணைவைத் தருவதால் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு மசியாது, காட்மியத்தின் அணைவு மட்டும் உடைந்து மஞ்சள் வீழ்படிவைத் தரும் என்பது அதன் அடிப்படை. கருத்தளவில் அழகான முறைதான். ஆனாலும் மாணவர் ஆய்வகத்தில் சயனைடுக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அமிலமும் சயனைடும் ஒரே மேசையில் இருக்கும் வகுப்பை என்னால் ஏற்க முடியாது. சல்ஃப்யூரிக் அமிலத்தில் கொதிக்க வைப்பதும் ஃபியூம் ஹூடுக்குள்தான் (நச்சு வாயுவை வெளியே உறிஞ்சும் அடைப்பு) நடக்க வேண்டும், ஏனெனில் அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும்.

இந்த மஞ்சள் வீழ்படிவு முதன்முதலில் குழப்பியது உங்கள் மாணவர்களை அன்று. காட்மியம் என்ற தனிமம் அறியப்பட்டதே இப்படி ஒரு குழப்பத்தின் வழியாகத்தான். 1817-இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமையர், இரும்பு சிறிதும் இல்லாத துத்தநாகக் கார்பனேட் சூடேற்றும்போது மஞ்சளாவதைக் கண்டு, அதற்குள் மறைந்திருந்த புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில், மருந்தாக விற்கப்பட்ட துத்தநாக ஆக்சைடின் அமிலக் கரைசல் ஹைட்ரஜன் சல்ஃபைடோடு மஞ்சள் வீழ்படிவைத் தந்ததால், அதில் ஆர்செனிக் கலந்திருக்கிறது என்ற ஐயமும் எழுந்தது. ஆர்செனிக் சல்ஃபைடும் மஞ்சள்தானே. இன்று நாம் மஞ்சள் அம்மோனியம் சல்ஃபைடைச் சேர்த்து, கரைந்தால் ஆர்செனிக் என்றும் கரையாவிட்டால் காட்மியம் என்றும் பிரிக்கிறோம். அந்தச் சோதனையை எழுதிக் காட்டும்போது இந்த வரலாற்றையும் சொன்னால் மாணவர்களுக்கு நினைவில் நிற்கும்.

மறுமொழி 2: குறைகடத்தி ஆய்வாளர்

மேலே சொல்லப்பட்ட வேதியியலை ஏற்றுக்கொள்கிறேன். நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை இயற்பியல் பக்கத்திலிருந்து சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் அங்கேதான் மறைந்திருக்கிறது.

காட்மியம் சல்ஃபைடு ஒரு குறைகடத்தி. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது படிகத்தில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்த ஆற்றல், அறை வெப்பநிலையில் 2.42 எலக்ட்ரான் வோல்ட். இதை அலைநீளமாக மாற்றினால் ஏறத்தாழ 512 நானோமீட்டர் வருகிறது. அதற்குக் குறைந்த அலைநீளமுள்ள ஊதாவையும் நீலத்தையும் பொருள் விழுங்கிவிடுகிறது. பச்சையின் பெரும்பகுதியும் மஞ்சளும் சிவப்பும் திரும்பி வருகின்றன, அவை சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. ஒரு சாய மூலக்கூறு நிறம் தருவது போன்றதன்று இது. படிகம் முழுவதற்கும் உரிய பண்பு. துகள் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்துவிட்டால் இடைவெளி விரியத் தொடங்கும், நிறம் வெளிறும், மேலும் சிறுத்தால் வெண்மையை நெருங்கும். வெப்பம் ஏறினால் இடைவெளி சுருங்கும், நிறம் சிவப்பை நோக்கி நகரும், ஆறியதும் பழைய மஞ்சள் திரும்பிவிடும். ஆகவே உங்கள் இரண்டாவது குழு கரைசல் சூடாக இருக்கும்போதே நிறத்தைக் குறித்திருந்தால், செம்மஞ்சளில் ஒரு பகுதி வெப்பத்தினால் வந்ததாகவும் இருக்கலாம். ஆறிய பின் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

படிக அமைப்பிலும் இரண்டு வகைகள் உண்டு. இயற்கையில் கிரீனோக்கைட் என்ற கனிமமாகக் கிடைப்பது அறுகோண வகை. ஹாலியைட் என்ற அரிய கனிமம் கனசதுர வகை. அறை வெப்பநிலையில் நீர்க்கரைசலிலிருந்து வீழ்வது பெரும்பாலும் கனசதுர வகையாகவோ இரண்டும் கலந்த ஒழுங்கற்ற துகளாகவோ இருக்கும். நிறமி ஆலைகளில் காட்மியம் சல்ஃபேட் கரைசலோடு சோடியம் சல்ஃபைடைச் சேர்த்து வீழ்த்திய பொருளைக் கழுவி உலர்த்தி, காற்றுப் புகாமல் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் சுடுவது அதை உறுதியான அறுகோண வகைக்கு மாற்றுவதற்காகத்தான். வீழ்படிவாதல் கட்டத்திலேயே துத்தநாகம் சேர்த்தால் பச்சை சாயல் கொண்ட இளமஞ்சளும், செலீனியம் சேர்த்தால் ஆரஞ்சு முதல் அடர்சிவப்பு வரையும் கிடைக்கும். அங்கெல்லாம் ஆற்றல் இடைவெளியைத்தான் விரித்தும் சுருக்கியும் நிறத்தைச் செய்கிறார்கள்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, இன்னொரு வழி மெல்லிய படலம் எடுப்பவர்களுக்குப் பழக்கமானது. காட்மியம் உப்பை அம்மோனியாவில் அணைவாக்கி, தயோயூரியா சேர்த்து, 60 முதல் 80 டிகிரி வரை சூடாக்கினால், தயோயூரியா மெல்லச் சிதைந்து சல்ஃபைடைத் துளித்துளியாக விடுவிக்கிறது. கரைசலில் வைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சள் படலம் ஒட்டிக்கொள்கிறது. காட்மியம் டெல்லூரைடு சூரிய மின்கலங்களில் நெடுங்காலம் சாளர அடுக்காக (ஒளியை உள்ளே விடும் மேலடுக்காக) இருந்தது இந்தப் படலம்தான். ஒளி பட்டால் மின்தடை குறையும் ஒளியுணர் மின்தடைகளும் இதே பொருளால் செய்யப்பட்டவை. மின்னணுப் பொருள்களில் காட்மியத்தின் அளவை எடையில் 0.01 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் ஐரோப்பிய விதிகள் வந்த பிறகு, அந்த மின்தடைகள் பெரும்பாலான இடங்களிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன.

ஒளியை விழுங்கும் பண்பை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்றால், அந்த ஒளி வெறுமனே விழுங்கப்பட்டு மறைவதில்லை. சன்னலோரம் இருக்கும் உங்கள் புட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதன் உட்சுவரில், வெளிச்சம் படும் பக்கத்தில், மஞ்சள் வெளிறியிருக்கிறதா? வெள்ளைப் பொடி போன்ற படிவு ஏதேனும் தெரிகிறதா? திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: தொழிலக நலப் பொறுப்பாளர்

இங்கே கேட்கப்பட்ட இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன். காட்மியத்தோடு பணி செய்யும் இடங்களை ஆய்வு செய்வதில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

மூத்த ஆசிரியர் சொன்ன 10⁻²⁸ என்ற எண் சரியானதே. ஆனால் அது எந்தச் சூழலுக்கு உரியது என்பதை அவர் விட்டுவிட்டார். கரைதிறன் பெருக்கம் காட்மியம் அயனியையும் சல்ஃபைடு அயனியையும் பற்றியது. அமிலத்தில் சல்ஃபைடு அயனி சல்ஃபைடாக இருப்பதில்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடாகிவிடுகிறது. எனவே அமிலத்துக்குப் பொருந்தும் சமநிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். காட்மியம் அயனிச் செறிவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் செறிவையும் பெருக்கி, ஹைட்ரஜன் அயனிச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறிலி ஏறத்தாழ 8×10⁻⁷. இரைப்பை அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி 0.03 மோலார் என்று கொள்வோம். அதன் வர்க்கம் 9×10⁻⁴. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் காட்மியம் 2.7×10⁻⁵ மோலார், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம். குடிநீரில் காட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். தூய நீருக்கான எண்ணைப் பார்த்துக் கரையாது என்று முடிவு செய்த பொருள், அமிலத்தில் குடிநீர் வரம்பைப் போல் ஆயிரம் மடங்கு கரைகிறது என்பதை அவரிடம் இந்தக் கணக்கோடு காட்டுங்கள்.

நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது சமநிலைக் கணக்கு. சுட்டு இறுகிய நிறமித் துகள் அமிலத்தில் மெதுவாகவே கரையும், உணவு இரைப்பையில் தங்கும் நேரமும் குறைவு. விலங்குச் சோதனைகளில், வாய்வழியாகக் கொடுக்கப்பட்ட காட்மியம் சல்ஃபைடின் உடனடி நச்சுத்தன்மை காட்மியம் குளோரைடோடு ஒப்பிட மிகக் குறைவாகவே இருக்கிறது. எனவே ஒரு துகள் விரலில் ஒட்டியதற்காக யாரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. நான் அஞ்சுவது வேறு இரண்டு வழிகளை: மூச்சும் நெருப்பும்.

உலர்ந்த நுண்பொடி நுரையீரலுக்குள் சென்றால் குடலைப் போல ஒரு நாளில் வெளியேறிவிடாது. அங்கேயே தங்கி, மெல்லக் கரைந்து, இரத்தத்தில் சேரும். குடல் தான் பெறும் காட்மியத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மட்டுமே உள்வாங்கும்போது, நுரையீரல் அதைப்போல் பல மடங்கை உள்வாங்குகிறது. உள்ளே சென்ற காட்மியம் மெட்டலோதயோனீன் என்ற புரதத்தோடு பிணைந்து சிறுநீரகப் புறணியில் சேர்கிறது. அங்கே அதன் அளவு பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஆகவே காட்மியத்தைப் பொறுத்தவரை "சிறிதளவுதானே" என்ற சொல்லுக்கு நான் மதிப்புத் தருவதில்லை, ஏனெனில் உடல் அந்தச் சிறிதளவுகளை எல்லாம் கூட்டி வைத்துக்கொள்கிறது. காட்மியத்தையும் அதன் சேர்மங்களையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. கரைபவை, கரையாதவை என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு விதி 1992 முதல் பணியிடக் காற்றில் காட்மியத்தை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் நிறுத்துகிறது. அங்கும் சல்ஃபைடுக்கு விலக்கு இல்லை.

நெருப்பைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். வீழ்படிவை வடிகட்டிய வடிதாளை மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு எரிக்கும் பழக்கம் சில ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. காட்மியத்துக்கு அதை ஒருபோதும் செய்யக் கூடாது. காற்றில் சூடேறும் சல்ஃபைடு ஆக்சைடாகிறது. எரியும் தாளின் கரி அந்த ஆக்சைடை உலோகமாக ஒடுக்குகிறது. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிக்கும் உலோகம் என்பதால் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு சேர்ந்து மீண்டும் காட்மியம் ஆக்சைடு நுண்புகையாக மூசைக்கு மேலே எழுகிறது. எடையறி பகுப்பாய்வில் எடை குறைந்து போவதாக மாணவர் வருந்தும் அந்த இழப்பு, அவர் மூச்சில் போயிருக்கலாம்.

அந்தப் புகையின் கொடுமை அது வலிக்காமல் நுழைவதுதான். நான் ஆய்வு செய்த பட்டறை ஒன்றில், காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றாசைக் காற்றோட்டமில்லாத அறையில் உருக்கிய தொழிலாளி, மாலையில் நலமாக வீடு திரும்பினார். இரவில் காய்ச்சலும் தொண்டைக் கரகரப்பும் வந்தபோது சளி என்று நினைத்தார். மறுநாள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் நீண்ட நாள் படுக்கையில் இருந்தார். நுரையீரல் அழற்சி முற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், தொடக்கக் குறிகளைப் பார்த்து எவரும் ஆபத்தை உணர்வதில்லை. காட்மியத்தைச் சூடேற்றியதாக மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அவருக்கும் தெரியப் போவதில்லை.

கரையாத சல்ஃபைடு எப்போதும் கரையாததாகவே இருக்கும் என்ற எண்ணத்துக்கு மிகப் பெரிய மறுப்பு ஜப்பானிலிருந்து வந்தது. தொயாமா மாவட்டத்தின் ஜின்சூ ஆற்றுப் படுகையில், காமியோகா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து வயல்களை அடைந்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியம் சல்ஃபைடாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றிலும் வயலிலும் காற்றும் நீரும் பட்டு அது அப்படியே நிற்கவில்லை. நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் ஆக்சிஜன் குறைந்து காட்மியம் சல்ஃபைடாக ஒடுங்கிக் கிடக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்துவிட்டால் காற்றுப் புகுந்து, சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமடைந்து, காட்மியம் விடுபட்டு வேருக்குள் ஏறும். பயிர் கதிர் முற்றும் காலமும் அதுவே. அந்த அரிசியை உண்டவர்களில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில், சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் மென்மையாகி, தொட்டாலே முறியும் நிலை வந்தது. அவர்கள் வலியால் எழுப்பிய "இத்தாய் இத்தாய்" (வலிக்கிறது, வலிக்கிறது) என்ற குரலே நோயின் பெயராயிற்று. 1968-இல் ஜப்பானிய அரசு அதை மாசினால் வந்த நோய் என்று முறையாக ஏற்றது.

வினா கேட்டவரின் மறுமொழி: செய்முறை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் விளக்கங்களைப் படித்தபின் மூன்று குழுக்களின் குறிப்பேடுகளையும் மீண்டும் பார்த்தேன். செம்மஞ்சள் பெற்ற குழு கரைசலைக் கொதிநிலைக்கு அருகில் சூடேற்றியிருந்தது, ஆறிய பின் நிறத்தைக் குறிக்கவே இல்லை. பழுப்பு நிறம் பெற்ற குழுவின் மாணவி, அதற்கு முன் செம்புச் சல்ஃபேட் வைத்திருந்த குழாயையே அலசிவிட்டுப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார்.

கரைதிறன் கணக்கைக் கரும்பலகையில் எழுதி மூத்த ஆசிரியருக்குக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அமிலச் சமநிலையை வகுப்பில் தானே பலமுறை நடத்தியும் இந்தப் பொருளுக்குப் பொருத்திப் பார்க்கத் தவறியதை ஒப்புக்கொண்டார். வடிதாளை எரிக்கும் படியைச் செய்முறைக் கையேட்டிலிருந்து நீக்க அவரே முன்வந்திருக்கிறார்.

புட்டியைப் பற்றி: சன்னல் பக்கம் மஞ்சள் தெளிவாக வெளிறியிருக்கிறது. மூடியை ஒட்டிய கழுத்துப் பகுதியில் வெண்மையான மெல்லிய படிவும் தெரிகிறது. பின்பக்கம் நிறம் அப்படியே இருக்கிறது. நான் திறக்கவில்லை. இது என்ன? இனிமேல் செய்முறையை எந்த அளவில், எந்த வினைபொருளோடு நடத்துவது நல்லது?

மறுமொழி 4: குறைகடத்தி ஆய்வாளர்

நான் எதிர்பார்த்ததுதான். 512 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒவ்வொரு ஒளித்துகளும் அந்தப் படிகத்தில் ஓர் எலக்ட்ரானை விடுவித்து, அது விட்டுச்சென்ற இடத்தில் ஒரு துளையை உண்டாக்குகிறது. மேற்பரப்பை அடையும் துளை சல்ஃபைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. எலக்ட்ரானைக் காற்றின் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. சிறிதளவு ஈரம் இருந்தால் போதும், ஆண்டுக்கணக்கில் இது நடந்து காட்மியம் சல்ஃபேட் உருவாகும். கண்ணாடி புறஊதாவின் ஒரு பகுதியைத் தடுத்தாலும் நீல ஒளியைத் தடுக்காது. நிறத்தைத் தரும் அதே பண்பே நிறத்தை அழிக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1905, 1906 ஆண்டுகளில் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்றில் காட்மியம் மஞ்சள் பகுதிகள் வெளிறி யானைத்தந்த நிறமானதை ஆய்ந்தபோது, அங்கே காட்மியத்தின் சல்ஃபேட்டும் கார்பனேட்டும் கண்டறியப்பட்டன.

காட்மியம் சல்ஃபேட் நிறமற்றது, 100 மில்லிலிட்டர் நீரில் 75 கிராமுக்கு மேல் கரையக் கூடியது. ஆகவே "நீரில் கரையாது" என்று எழுதப்பட்ட அந்தப் புட்டியின் கழுத்தில், நீரில் மிக நன்றாகக் கரையும் காட்மியம் உப்பு படிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். பேரியம் குளோரைடு வைத்துச் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றலாம். அந்த ஆவலைத் தவிர்த்துவிடுங்கள். அறிந்துகொள்வதால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் மாறப் போவதில்லை.

மறுமொழி 5: தொழிலக நலப் பொறுப்பாளர்

புட்டியைத் திறக்காமல் தடித்த நெகிழிப் பையிலிட்டு மூடி, "காட்மியம் சல்ஃபைடு, மேற்பரப்பில் காட்மியம் சல்ஃபேட் இருக்கலாம்" என்று வெளியே எழுதி, அபாயக் கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். அதுவரை அமிலங்கள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் உடைந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். அந்த வாயு 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் மூக்கின் உணர்வையும் மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் போய்விட்டது என்று உள்ளே நுழைபவர்தான் விழுகிறார்.

மறுமொழி 6: பகுப்பாய்வு ஆய்வகத்திலிருந்து

செய்முறைக்கு 0.02 மோலார் காட்மியம் சல்ஃபேட் கரைசலில் 5 மில்லிலிட்டர் போதும். அதில் இருக்கும் காட்மியம் 11 மில்லிகிராம், கிடைக்கும் சல்ஃபைடு 14 மில்லிகிராம். சோதனைக்குழாயில் நிறத்தைப் பார்க்க அதற்கு மேல் தேவையே இல்லை. குளோரைடுக்குப் பதில் சல்ஃபேட்டை எடுத்தால் குளோரைடு அணைவினால் வரும் குழப்பமும் குறையும். கரைசலை நீங்களே தயாரித்து அளந்து கொடுங்கள், காட்மியம் உப்புப் பொடி மாணவர் கைக்குப் போக வேண்டாம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும் கிப் உபகரணத்தைக் கைவிட்டு, மூடிய ஃபியூம் ஹூடுக்குள் தயோஅசெட்டமைடைப் பயன்படுத்தலாம். நீர்த்த அமிலத்தில் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றினால் அது மெல்ல நீராற்பகுப்படைந்து, தேவையான அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கரைசலுக்குள்ளேயே தரும். வீழ்படிவும் பெருந்துகளாக, எளிதில் பிரியக் கூடியதாக வரும். ஆனால் தயோஅசெட்டமைடும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் இருப்பதால், அதையும் கையுறையோடு, நீங்கள் கரைத்து வைத்த கரைசலாகவே கொடுக்க வேண்டும்.

வடிகட்டுவதை விட்டு மையவிலக்கில் சுழற்றுங்கள். வடிதாளே இல்லாவிட்டால் எரிக்கும் எண்ணமும் எழாது. மேல்நீரையும் வீழ்படிவையும் காட்மியத்துக்கென்று ஒதுக்கிய ஒரே கழிவுப் புட்டியில் சேருங்கள், ஈரம் காயவிடாதீர்கள், தொட்டியில் ஊற்ற அனுமதிக்காதீர்கள். நிறத்தைக் கரைசல் சூடாக இருக்கும்போது ஒரு முறையும் ஆறிய பின் ஒரு முறையும் குறிக்கச் சொல்லி, குறிப்பேட்டில் அமிலச் செறிவுக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனிக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தால், அடுத்த முறை மூன்று நிறங்கள் வந்தாலும் அவற்றின் காரணத்தை மாணவர்களே எழுதிவிடுவார்கள்.